நாஞ்சில் நாடும் விவேகானந்தரின் இரு பயணங்களும்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர்தோறும் சென்று சொற்பொழிவாற்றிய சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு, அவர் சென்ற ஊர்களின் வரிசையே முதற் கருவியாகும். எந்த ஊரில் எந்த நாளில் தங்கினார், யார் இல்லத்தில் தங்கினார், யார் முன் பேசினார் என்பன தெளிந்த பின்னரே, அவர் பேசியவற்றின் பொருளும் நோக்கமும் தெளிவுறும். ஆயின் ஊர்வரிசை என்பது எளிதில் அமைவதன்று. பேசிய ஊர்களுக்கு எழுத்துச் சான்று உண்டு. பேசாது கடந்த ஊர்களுக்கு நினைவுச் சான்றே உண்டு. இவ்விரு வகைச் சான்றுகளையும் ஒரே நிலையில் வைத்து எண்ணுவது வரலாற்று நெறிக்குப் பொருந்தாது.

இக்கருத்தை விளக்குதற்குச் சுவாமி விவேகானந்தரின் (1863–1902) தமிழகப் பயணங்கள் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன. அவர் தமிழ் வழங்கும் நிலத்தில் நிகழ்த்திய பெரும் பயணங்கள் இரண்டு. முதலாவது 1892-ஆம் ஆண்டு இறுதியில், பெயர் அறியப்படாத துறவியாகத் திருவனந்தபுரத்திலிருந்து நாஞ்சில் நாட்டு வழியே குமரிமுனை வரை வந்து, பின் வடக்கே சென்ற பயணம். இரண்டாவது 1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உலகறிந்த சொற்பொழிவாளராகவும் நூலாசிரியராகவும் கொழும்பில் இறங்கிச் சென்னை வரை வந்த பயணம். இரண்டாம் பயணத்தின் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உரை உளது. முதற் பயணத்தின் ஊர்களுக்கு உரை இல்லை. எனினும் இன்று அவர் பெயரோடு மக்கள் உள்ளத்தில் முதன்மையாக இணைந்து நிற்பது, அவர் ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தாத குமரிமுனையே. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று என்பதையும், நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கு அதனால் விளையும் பயன் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பயணமும் பிரசங்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தமிழ் நிலத்தில் ‘பிரசங்கம்’ என்பது ஒரு புதிய பொதுவாழ்வு வடிவமாக உருப்பெற்றது. புராணம் படித்துப் பயன் சொல்லும் மரபு முன்னரே இருந்தது. ஆயினும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, குறித்த நாளில், கூடிய அவையினர்க்கு உரைநடையில் தொடர்ந்து பேசும் முறை அச்சியந்திரம், பள்ளிக்கூடம், கிறித்தவ மறைபரப்பாளரின் பணி ஆகியவற்றோடு ஒட்டி வளர்ந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்க வரிசையைத் தொடங்கினார். பின்னர் அவர் யாழ்ப்பாணத்திற்கும் தமிழகத்திற்குமாகப் பலமுறை பயணம் செய்து, அச்சகமும் பள்ளியும் நிறுவி, நூல் எழுதியும் பேசியும் வாழ்ந்தார். பயணம், பேச்சு, நூல் என்னும் மூன்றும் ஒருவர் வாழ்வில் ஒன்றனையொன்று தாங்கி நிற்கும் நிலையை அவரிடம் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

இந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை, தந்தி, ஆங்கிலச் செய்தித்தாள், நகர மண்டபம் ஆகியன பெருகின. ஒரு பேச்சாளர் எந்த ஊரில் இறங்குவார் என்பதை அவர் விருப்பம் மட்டுமன்றி வண்டித்தடமும் முடிவு செய்யலாயிற்று. வரவேற்புக் குழு அமைத்தல், வாழ்த்துரை படித்துக் கொடுத்தல், விடையுரை பெறுதல், அதனைச் செய்தித்தாளில் வெளியிடுதல் ஆகிய நடைமுறைகள் ஒரு முறைமையாயின. விவேகானந்தரின் 1897-ஆம் ஆண்டுப் பயணம் இம்முறைமையின் முழு வடிவம். 1892-ஆம் ஆண்டுப் பயணமோ இம்முறைமைக்கு முற்றிலும் புறம்பானது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே மேற்கொண்டு ஆராய்தல் வேண்டும்.

3. திருவனந்தபுரத்தில் ஒன்பது நாள்

1892-ஆம் ஆண்டு விவேகானந்தர் மைசூரிலிருந்து கொச்சி நாட்டு வழியாகத் தெற்கே வந்தார். எர்ணாகுளத்தில் சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்தார். டிசம்பர் 13-ஆம் நாள் திருவனந்தபுரம் அடைந்து, திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மருக்கு ஆசிரியராயிருந்த பேராசிரியர் கே. சுந்தரராம ஐயர் இல்லத்தில் தங்கினார். இத்தங்கலைப் பற்றிய சான்று விருந்தோம்பியவரே எழுதியது. ஆண்டுகள் பல கழித்து எழுதப்பட்டதாயினும், நேரில் கண்டார் கூற்றாதலின் அது உயர்ந்த மதிப்புடையது.

அந்நினைவுக் குறிப்பில் நம் பொருளுக்கு இன்றியமையாத செய்திகள் மூன்று உள.

முதலாவது, வந்தவரின் நிலை பற்றியது. கொச்சியிலிருந்து வழித்துணையாக வந்த முகம்மதியப் பணியாளர் ஒருவருக்கு முதலில் உணவளித்து அனுப்புமாறு விவேகானந்தர் வேண்டினார். தாமோ இரு நாளாகப் பாலைத் தவிர வேறு ஏதும் பெரிதும் உட்கொண்டிருக்கவில்லை. வரவேற்புக் குழுவோ மாலையோ இல்லாத, அன்றன்று கிடைக்கும் இடத்தில் தங்கிச் செல்லும் துறவியின் பயணம் அது என்பதற்கு இச்செய்தியே போதிய சான்றாகும்.

இரண்டாவது, பேச்சு பற்றியது. திருவனந்தபுரத்தில் ஒரு பொதுச்சொற்பொழிவு நிகழ்த்துமாறு சுந்தரராம ஐயர் கேட்டுக்கொண்டார். தாம் அதுவரை பொதுமேடையில் பேசியதில்லை என்றும், பேசினால் நகைப்பிற்கிடமான தோல்வியே நேரும் என்றும் கூறி விவேகானந்தர் மறுத்துவிட்டார். அங்ஙனமாயின் சிகாகோவில் கூடவிருக்கும் பேரவையை எவ்வாறு எதிர்கொள்ளப் போகிறீர் என்று ஐயர் வினவினார் எனவும் அக்குறிப்பு கூறுகின்றது. ஆகவே 1892 டிசம்பர் நடுவில் விவேகானந்தர் சொற்பொழிவாளர் அல்லர். இல்லத்தில் வந்து கூடுவோரோடு உரையாடுபவர் மட்டுமே. இவ்வுண்மை பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

மூன்றாவது, தமிழ் ஆய்வாளர்க்குச் சிறப்பாக உரியது. ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) அப்போது திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். அவர் தம்மைத் திராவிடர் என்றும், அதனால் இந்து சமூக அமைப்புக்குப் புறம்பானவர் என்றும் விவேகானந்தரிடம் கூறியதாகவும், அக்கருத்தை விவேகானந்தர் ஏற்கவில்லை எனவும் சுந்தரராம ஐயர் குறிக்கிறார். இச்செய்தி ஒரு பக்கத்தார் நினைவின் வழியே நமக்குக் கிடைப்பது. சுந்தரம் பிள்ளையின் கருத்தை அவர்தம் நூல்களினின்றே அறிதல் முறை. எனினும் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இருவேறு வரலாற்று நோக்குகள் ஒரே நகரில் நேருக்கு நேர் நின்றன என்பதற்கு இது சான்றாகின்றது.

டிசம்பர் 22-ஆம் நாள் விவேகானந்தர் திருவனந்தபுரத்தை விட்டுப் புறப்பட்டார். சென்னை அரசின் கணக்குத் துறையில் உயர்ந்த பதவி வகித்த மன்மதநாத பட்டாசாரியார் அலுவல் பொருட்டு அங்கு வந்திருந்தார். அவருடன் விவேகானந்தர் தெற்கு நோக்கிச் சென்றார்.

4. நாஞ்சில் வழி

திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்குச் செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, தக்கலை வழியாக நாகர்கோயிலை அடைகின்றது. அங்கிருந்து சுசீந்திரம், கொட்டாரம் கடந்து குமரிமுனையில் முடிகின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அக்காலத்தில் இவ்வழியில் இருப்புப்பாதை இல்லை. மாட்டுவண்டிப் பயணமே வழக்கு. வழியின் பிற்பகுதி நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களினூடே செல்கின்றது. இவ்வட்டங்கள் அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் இணைந்தன.

1892-இல் இந்நாடு வெறும் வழித்தடம் அன்று. மயிலாடியில் 1806 முதல் இரிங்கல்தௌபேயும், பின்னர் நாகர்கோயிலில் சார்லசு மீடும் இலண்டன் மிசன் சங்கத்தின் சார்பில் பள்ளிகளை நிறுவினர். நாகர்கோயிலில் அச்சகமும் அமைந்தது. குமரிக்கு அண்மையிலுள்ள சாமித்தோப்பில் வைகுண்டர் (1809–1851) ஒடுக்கப்பட்ட மக்களிடையே ஒரு சமய, சமூக இயக்கத்தைத் தோற்றுவித்தார். மேலாடை உரிமை வேண்டி நாடார் மகளிரும் அவர்தம் மக்களும் நடத்திய நெடும் போராட்டத்தின் பின் 1859-இல் அரச அறிவிப்பு வெளிவந்தது. சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை அப்போது 16 வயது இளைஞர். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையின் கொடுமையைப் பின்னாளில் பாட்டில் வடித்த கவிமணி அவரே. கல்வியும் சாதிக் கட்டும், புதுமையும் பழமையும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நிலமாக நாஞ்சில் நாடு அன்று விளங்கிற்று.

இப்பின்னணியைக் கூறுவது, விவேகானந்தர் இவையனைத்தையும் கண்டறிந்தார் என்று நாட்டுதற்கு அன்று. அவர்தம் கடிதங்களில் வைகுண்டர் பெயரோ நாகர்கோயிற் பள்ளிகளின் பெயரோ இடம்பெறவில்லை. பின்னணியைச் சான்றாகக் கொள்வது ஆய்வில் நேரும் பெரும் பிழைகளுள் ஒன்று. ஆயின் அவர் எந்நிலத்தில் இருந்து தம் திட்டத்தை எண்ணினார் என்பதை வாசகர் அறிதல் வேண்டும். அதன் பயன் இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

5. குமரி: மூவகைச் சான்று

குமரிமுனைத் தங்கலுக்குரிய சான்றுகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகை அவர்தம் சொந்த எழுத்து. 1894 மார்ச்சு 19-ஆம் நாள் சிகாகோவிலிருந்து தம் உடன்துறவி இராமகிருஷ்ணானந்தருக்கு அவர் வங்க மொழியில் எழுதிய கடிதத்தில் குமரி குறிக்கப்படுகின்றது. குமரியன்னையின் கோயிலில், இந்திய நிலத்தின் இறுதிப் பாறையில் அமர்ந்திருந்தபோது தமக்கு ஒரு திட்டம் தோன்றியதாக அவர் அதில் கூறுகிறார். தன்னலமற்ற துறவியர் ஊர் ஊராகச் சென்று, நிலப்படம், உலகவுருண்டை, ஒளிப்படக் கருவி முதலியவற்றின் துணையோடு வாய்மொழியாகவே கல்வி புகட்டி, கடைக்கோடி மனிதன் வரை அனைவரையும் உயர்த்துதல் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் சுருக்கம். நிகழ்ச்சி நடந்து பதினைந்து மாதங்களுக்குள் எழுதப்பட்டமையின் இது தலையாய சான்று.

இரண்டாம் வகை, சுந்தரராம ஐயரின் நினைவுக் குறிப்பு. இது குமரியில் நிகழ்ந்ததைக் கூறாது. ஆயினும் டிசம்பர் 22-இல் புறப்பட்டார் என்னும் கால எல்லையைத் தருகின்றது.

மூன்றாம் வகை, வரலாற்றாசிரியர்கள் பின்னர்த் தொகுத்தவையும் குமரி மக்களின் வாய்மொழி மரபும். கரையிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் கடலில் உள்ள ஸ்ரீபாதப் பாறைக்கு அவர் நீந்திச் சென்றார் என்பதும், டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாளும் அங்குத் தவமிருந்தார் என்பதும் இவ்வகையினவே.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்கின், கடிதம் உறுதி செய்வன எவை என்பது விளங்கும். கோயில், இறுதிப் பாறை, திட்டம் என்னும் மூன்றையே அது கூறுகின்றது. நீந்தியதும் மூன்று நாள் எண்ணிக்கையும் கடிதத்தில் இல்லை. ஆகவே அவற்றை மரபு என்றே எழுதுதல் வேண்டும். ஆனால் மரபு என்றவுடன் தள்ளிவிடுதலும் தகாது. 22-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் புறப்பட்ட ஒருவர் மாட்டுவண்டியில் 90 கிலோமீட்டர் கடந்து 24 அல்லது 25-ஆம் நாள் குமரி சேர்வது இயல்பே. எனவே வழிவழி வந்த நாள் கணக்கு, அதனை அறியாது எழுதிய ஒருவரின் கால எல்லையோடு முரண்படாது பொருந்துகின்றது. இப்பொருத்தம் மரபை மெய்ப்பித்துவிடாது. ஆயினும் அதற்கு ஒரு மதிப்பை அளிக்கின்றது.

ஊர்வரிசைச் சிக்கல் ஒன்றும் இங்கே தீர்வுறுகின்றது. முற்பட்ட வரலாறுகள் சில, அவர் மதுரையும் இராமேசுவரமும் கண்டபின் இறுதியாகக் குமரிக்கு வந்தார் என எழுதின. இந்தியா முழுவதும் நடந்தவர் அதன் முனையில் வந்து நின்றார் என்பது கதைப்போக்கிற்குச் சுவையான முடிவுதான். ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே பட்டாசாரியாருடன் புறப்பட்டார் என்னும் நேர்ச்சான்றும், 1893-இன் தொடக்கத்தில் அதே பட்டாசாரியாரின் சென்னைச் சாந்தோம் இல்லத்தில் அவர் தங்கினார் என்னும் செய்தியும், குமரி முன்னும் மதுரை, இராமேசுவரம் பின்னும் அமைந்த வரிசையையே வலியுறுத்துகின்றன. பயணத்தின் முடிவிடமாகக் குமரியைக் கருதுவது பொருந்தாது. திசை திரும்பிய இடமாகக் கொள்வதே பொருத்தம்.

6. மௌனத்திலிருந்து மேடைக்கு

குமரிக்குப் பின்னர் அவர் மதுரையில் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியைக் (1868–1903) கண்டார். இராமேசுவரம் சென்றார். புதுச்சேரி வழியாகச் சென்னை அடைந்தார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர் அவரைச் சூழ்ந்தனர். 1893 பிப்ரவரி 13-ஆம் நாள் செகந்தராபாத்திலுள்ள மகபூப் கல்லூரியில், மேலைநாட்டுக்குத் தாம் செல்லும் நோக்கம் பற்றிப் பெருங்கூட்டத்தினர் முன் ஆங்கிலத்தில் உரை நிகழ்த்தினார்.

இந்நாளைத் திருவனந்தபுர நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணுக. டிசம்பர் நடுவில் பொதுமேடை வேண்டா என்றவர், பிப்ரவரி நடுவில் பொதுமேடை ஏறிவிட்டார். இடைப்பட்ட காலம் இரண்டு திங்களே. நாஞ்சில் நாடும் குமரியும் இவ்விரண்டு திங்களின் முதற்பகுதியில் அமைகின்றன. குமரியில் அமர்ந்ததே அவரைப் பேச்சாளராக்கிற்று என்று துணிந்து கூறுதற்குச் சான்று போதாது. சென்னை இளைஞரின் தூண்டுதலும் பயணச் செலவுக்குப் பொருள் திரட்ட வேண்டிய தேவையும் காரணங்களாகும். எனினும் பேசுதற்குரிய பொருள் எங்கே உருப்பெற்றது என்பதற்கு அவர் கடிதமே விடை தருகின்றது.

1893 மே 31-இல் பம்பாயில் கப்பலேறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஆங்காங், நாகசாகி, யோகோகாமா, வான்கூவர் வழியாகச் சிகாகோ அடைந்தார். செப்டம்பர் 11-இல் சர்வசமயப் பேரவையில் பேசினார். அதன்பின் சொற்பொழிவு நிறுவனம் ஒன்றின் ஏற்பாட்டில் மினியாபொலிசு, தே மாயின், மெம்பிசு, திட்ராயிட்டு எனப் பல நகரங்களில் கட்டணச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஊருக்கு ஊர் விரைந்து சென்று பேசும் அமெரிக்க முறைமையை அவர் அறிந்தது இக்காலத்திலேயே. 1894 மார்ச்சில் குமரிக் கடிதம் எழுதப்பட்டதும் இக்காலத்திலேயே. 1895 முதல் நியூயார்க்கிலும் இலண்டனிலும் நிலையாக வகுப்புகள் நடத்தினார். சுருக்கெழுத்தாளர் ஜே. ஜே. குட்வின் அவற்றை எழுதினார். 1896-இல் ‘கர்ம யோகம்’, ‘இராஜ யோகம்’ ஆகிய நூல்கள் வெளிவந்தன. அதே ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலத் திங்களிதழுக்கு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி. ஆர். ராஜமையர் ஆசிரியராக இருந்தார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்று மாணவர் கருதத்தக்கது.

7. 1897: உரைகளின் வழி

1897 ஜனவரி 15-இல் கொழும்பில் இறங்கிய விவேகானந்தர், மறுநாள் அந்நகரின் புளோரல் மண்டபத்தில் பேசினார். கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்று இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றி உரையாற்றினார். அரை நூற்றாண்டுக்கு முன்பே நாவலரின் பிரசங்கங்களைக் கேட்டுப் பழகிய அவை அது. சமயச் சொற்பொழிவு அவ்வூரார்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தில், சைவ சித்தாந்தத்தினின்று வேறுபட்ட நிலையில் நின்று, அயலார் ஒருவர் பேசக் கேட்டதே புதிது.

ஜனவரி 26-இல் பாம்பனில் இறங்கினார். பாஸ்கர சேதுபதி வரவேற்றார். வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மன்னரும் மக்களுமாக அதனை இழுத்துச் சென்றனர். 27-இல் இராமேசுவரம் கோயிலில் உண்மை வழிபாடு பற்றி அவர் பேசியது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. பின்னர் இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் என ஊர்தோறும் வாழ்த்துரையும் விடையுரையும் நிகழ்ந்தன. பிப்ரவரி 6-இல் சென்னை சேர்ந்து ‘கேசில் கெர்னன்’ எனப்பட்ட ஐஸ் ஹவுஸ் மாளிகையில் ஒன்பது நாள் தங்கினார். விக்டோரியா மண்டபத்தில் கூட்டம் உள்ளடங்காமையால் வெளியே வந்து, வண்டியின் மேல் நின்று பேச நேர்ந்தது. பிப்ரவரி 15-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

இவ்வுரைகளை உடன்வந்த குட்வின் எழுதினார். அவ்வாண்டிலேயே இவை சென்னையில் நூலாயின. கொழும்பு முதல் அல்மோரா வரை என்னும் பெயரே, அந்நூல் ஊர்வரிசையை அடிப்படையாகக் கொண்டது என்பதைக் காட்டும். பயணம் நூலாகிய நிலை இது.

கேட்டார் சிலர், கண்டார் பலர் என்பதும் மறக்கற்பாலதன்று. பரமக்குடியிலும் மானாமதுரையிலும் திரண்ட மக்களுள் ஆங்கிலம் அறிந்தார் மிகச் சிலரே. அவர்களுக்கு அந்நிகழ்ச்சி ஓர் உரையாக அமையவில்லை, ஒரு வருகையாகவே அமைந்தது. அச்சில் எஞ்சியதோ உரை மட்டுமே. ஆகவே உரை உள்ள ஊர்களிலும் நினைவுச் சான்று தேவைப்படுகின்றது.

சுந்தரராம ஐயர் அப்போது சென்னைக்கு வந்து இவ்வுரைகளைக் கேட்டார். திருவனந்தபுரத்து ஒன்பது நாளையும் சென்னையின் ஒன்பது நாளையும் இரு நவராத்திரிகள் என அவர் பெயரிட்டு எழுதினார். மேடை வேண்டா என மறுத்தவரையும், மண்டபம் கொள்ளாத கூட்டத்தின் முன் பேசியவரையும் ஒருவரே கண்டு எழுதியமை நமக்கு வாய்த்த பெரும் பேறாகும்.

8. நாஞ்சில் நாடு விடுபட்ட காரணம்

1897-ஆம் ஆண்டு வரிசையில் திருவனந்தபுரமோ நாகர்கோயிலோ குமரியோ இல்லை. இதனைப் புறக்கணிப்பு எனக் கருதுவதற்கு இடமில்லை. காரணம் இருவகைத்து. ஒன்று, அழைத்தவர் இராமநாதபுர மன்னர். ஆதலின் கடல் கடந்து இறங்கும் இடம் பாம்பன் ஆயிற்று. மற்றொன்று, மதுரையிலிருந்து திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மாயவரம் வழியாகச் சென்னைக்கு இருப்புப்பாதை இருந்தது. தெற்கே பாதை திருநெல்வேலியோடு நின்றது. திருவனந்தபுரத்திற்கு இரயில் 1918-இலும், நாகர்கோயிலுக்கும் குமரிக்கும் 1979-இலுமே வந்தது. பத்தே நாளில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை பேசி வந்தவர்க்கு நாஞ்சில் நாட்டு மாட்டுவண்டி வழி எட்டாததாயிற்று. கால்நடையாய் வந்த துறவிக்குத் திறந்திருந்த வழி, சொற்பொழிவாளர்க்கு அடைபட்டது.

ஆயின் அவர் கண்ட மேற்குக் கரை அவர் பேச்சினுள் இருந்தது. 1897 பிப்ரவரி 14-இல் சென்னையில் இந்தியாவின் எதிர்காலம் பற்றிப் பேசியபோது, மலபாரில் தாம் கண்ட சாதிக் கொடுமையை அவர் கடுமையாகச் சாடினார். தாழ்த்தப்பட்ட ஒருவன் உயர்சாதியார் செல்லும் தெருவில் நடத்தல் ஆகாது எனத் தடுக்கும் ஊரார், அவனே கிறித்தவப் பெயரோ முகம்மதியப் பெயரோ பூண்டு வந்தால் தடுப்பதில்லை என்பதை எடுத்துக்காட்டி, அறிவுக்கு ஒவ்வாத வழக்கம் என இகழ்ந்தார். 1892-இன் மௌனப் பயணம் 1897-இன் உரைப்பொருளாயிற்று. இவ்வகையில் முதற் பயணத்தின் ஊர்களுக்கும் ஓர் உரை உண்டு என்றே கொள்ளலாம். அது பிறிதோர் ஊரில் பேசப்பட்டது என்பதே வேறுபாடு.

9. கோயிற் கதவும் கடற்பாறையும்

குமரிக் கடிதத்தை இனி நாஞ்சில் நாட்டு வரலாற்றோடு பொருத்திக் காண்போம். விவேகானந்தர் கோயிலில் அமர்ந்து எண்ணியது யாரைப் பற்றி? கல்வியும் உணவும் மறுக்கப்பட்ட கடைநிலை மக்களைப் பற்றி. அன்று அக்கோயிலினுள் செல்லும் உரிமை இருந்தது யார்க்கு? நாஞ்சில் நாட்டிலேயே பிறந்து, குமரியன்னையைத் தொழுது வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. வங்க நாட்டிலிருந்து வந்த துறவிக்குத் திறந்த கதவு, கோயிலை அடுத்து வாழ்ந்தார்க்கு அடைக்கப்பட்டிருந்தது. கடிதம் இதனைக் கூறவில்லை. நாட்டு வரலாறு கூறுகின்றது.

அக்கதவு திறக்க மேலும் 44 ஆண்டுகள் ஆயின. 1924–25-இல் வைக்கத்திலும், பின்னர்ச் சுசீந்திரத்திலும் மக்கள் அறப்போர் நிகழ்த்தினர். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பு வெளிவந்தது. இவ்வெற்றியை விவேகானந்தர் உரைக்கு மட்டும் உரியதாக்குதல் தவறு. அதற்கு உழைத்தவர் அந்நாட்டு மக்களே. வைகுண்டர் காலம் முதல் தொடர்ந்த நெடுமுயற்சியின் பயன் அது. ஆயினும் ஒரே கோயிலைப் பற்றிய இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போதே, 1894-ஆம் ஆண்டுக் கடிதத்தின் முழுப் பொருளும் புலப்படும்.

1970 செப்டம்பர் 2-இல் கடற்பாறையில் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. நாள்தோறும் பல்லாயிரவர் படகேறிச் செல்கின்றனர். அவர்களிடம் நாம் கூறத்தக்கது மூவகைச் சான்றின் வேறுபாடேயாகும். நீந்தினார் என்பது மரபு. டிசம்பர் 22-இல் புறப்பட்டார் என்பது கண்டார் கூற்று. கடைநிலை மனிதனுக்குக் கல்வி வேண்டும் என்று இந்நிலத்தின் முனையில் எண்ணினார் என்பது அவர் கைப்பட எழுதியது. மூன்றனுள் உறுதி மிக்கது இறுதியதே. கடல் நீந்திய செய்தியை எல்லாரும் அறிவர். கல்வித் திட்டத்தை அறிந்தார் சிலரே.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பயணம் செய்த சொற்பொழிவாளரின் வரலாற்றை உரை கிடைத்த ஊர்களைக் கொண்டு மட்டும் எழுதுதல் நிறைவுடையதாகாது என்பதும், உரையில்லாத ஊர்களின் நினைவை வகைப்படுத்தாது எழுதுதல் பிழையாகும் என்பதும் பெறப்படும். நாஞ்சில் நாடு விவேகானந்தர் பேச்சைக் கேட்ட நாடு அன்று. அவர் பேசத் தொடங்குமுன் இருந்த நாடு அது. அச்சிறப்பு அதற்குப் போதும். இல்லாத உரையை அதற்கு ஏற்றிக் கூற வேண்டுவதில்லை. நாகர்கோயில், சுசீந்திரம், கொட்டாரம் ஆகிய ஊர்களின் கோயிற் கணக்குகளையும், மிசன் சங்கப் பதிவேடுகளையும், திருவிதாங்கூர் ஆவணங்களையும் 1892-ஆம் ஆண்டு இறுதியை ஒட்டித் துருவி ஆராய்தல் இம்மாவட்டத்து முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அங்கு விவேகானந்தர் பெயர் கிடைப்பினும் கிடையாதொழியினும், அவர் கடந்துசென்ற நாஞ்சில் நாட்டு மக்களின் வாழ்வு கிடைக்கும். அதுவே அவர் கடிதத்திற்கு உரிய உரையாக அமையும்.